நாலாவது கொக்கியை மடித்தவள்

செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் ஊரில் கண்ணாடிக் கல் வைத்த பழைய நகைகள் விற்கும் கடை த்ரஹோமீராவுடையது. முத்திரை இல்லாத ப்ரோச், அதாவது உடையில் குத்தும் நகை, எது வந்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். பற்றவைத்த விதம், ஊசி மாட்டிய இடம், கல்லைப் பிடிக்கும் கொக்கிகளின் சாய்வு, இது போதும் அவளுக்கு. எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவாள்.

ஒரே ஒரு கைதான் பிடிபடவில்லை. மூன்று கொக்கிகளை எல்லோரையும் போல மடித்துவிட்டு, நாலாவதை மட்டும் துணியில் மாட்டாதபடி நுனியைச் சுருட்டிவிட்ட கை. வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் பேர் பொறிப்பதில்லை. அந்தக் கை செய்ததை அவள் விற்கவும் இல்லை. கடை ஓய்ந்த மத்தியானங்களில் எடுத்துத் தடவுவாள். தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும். திரும்பினால் ஆளிருக்காது.

ஒரு வசந்த காலத்தில் ஜெர்மனியிலிருந்து இர்ம்கார்ட் என்றொரு வயதான பெண் வந்தாள். கோட்டிலிருந்து ப்ரோச்சைக் கழற்றி நீட்டினாள். த்ரஹோமீரா திருப்பினாள். நாலாவது கொக்கியின் நுனி சுருண்டிருந்தது.

"இது யார் செஞ்சது?"

"எங்கம்மா. ஒட்டிலீ. இந்த ஊர்தான். சண்டை முடிஞ்சு, ஜெர்மன்காரங்கன்னு எங்களைத் துரத்தினப்போ இது மட்டும் என் பாவாடை மடிப்புல இருந்துச்சு."

"எந்தத் தெருவுல இருந்தீங்க?"

"ரயிலடிக்கு மேல, மேட்டுல. வாசல் கதவுக்கு மேல பச்சைக் கண்ணாடி இருக்கும். மாடி ஜன்னல் பக்கம் அம்மா உட்கார்ந்து வேலை செய்வாங்க."

அது த்ரஹோமீரா பிறந்து வளர்ந்த வீடு. காலி வீட்டைத்தான் அரசாங்கம் கொடுத்தது என்று அவள் அம்மா ப்ளாஷெனா எப்போதும் சொல்வாள்.

இர்ம்கார்டைக் கூட்டிக்கொண்டு போனாள். ப்ளாஷெனா அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வந்தவள் யாரென்று மகள் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மேசை இருந்துச்சு," என்றாள். "கொரடு அதுமேலேயே கிடந்துச்சு, இப்போ எழுந்து போன மாதிரி. மொதக் குளிர்காலம் தாங்க முடியல. மேசையைப் பொளந்து எரிச்சேன்."

"காலின்னு சொன்னியேம்மா!"

"வேற என்னத்தடி சொல்றது?" உள்ளே போய் ஒரு ப்ரோச்சைக் கொண்டுவந்தாள். "இதுவும் இருந்துச்சு. ஒரு நாளும் குத்திக்கல. எடுத்துக்கம்மா."

இர்ம்கார்ட் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க குத்திக்கோங்க. யாராவது போட்டுக்கணும்னுதான் அம்மா செஞ்சாங்க."

மாடி ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

கடையில் அந்த நகைகளின் சீட்டில் இப்போது ஒட்டிலீயின் பேர் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து ப்ளாஷெனா மாடிப்படி ஏறவில்லை. விளக்கு வைத்ததும் மகளைக் கேட்பாள்:

"அவ போயிட்டாளா?"

"பஸ் ஏத்திவிட்டேனேம்மா."

"அவளைக் கேக்கல. மேல உக்காந்திருக்கிறவளை."