அப்பாவின் சோற்றுக் கை

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போன மறு வருஷம் அப்பாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் ஒருவாறு தேறிவிட்டது. கை மட்டும் தோளிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் அதற்காக யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. அம்மா இருந்தாள். இரண்டு வேளையும் சோற்றைக் குழையப் பிசைந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். அப்போதெல்லாம் தாத்தா எழுந்து தெருப்பக்கம் போய்விடுவார். பெற்ற மகன் குழந்தை மாதிரி வாய் திறப்பதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி வருவார். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை 'மாசேர்' என்று கூப்பிட்டோம். முடங்கிப்போன கைகளுக்கு மறுபடி வேலை பழக்குவதுதான் அவர் வேலை. தமிழை வேதப்புத்தகத்தில் படித்தவர். முதல் நாளே அப்பாவின் இடது கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, "நீர் உமது கையாலே புசிக்க வேண்டும்" என்றார்.

வீடே ஆடிப்போனது. "கழுவுற கையால சோறு திங்கறதா? அதுக்குப் பட்டினியே கெடக்கலாம்" என்றாள் அத்தை. அப்பா ஸ்பூனைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கதவோரம் நின்று, "நான் இருக்கறப்ப அவரு ஏன் தனியா கஷ்டப்படணும்?" என்றாள். ஊட்டி ஊட்டியே அம்மா புருஷனைக் கெடுக்கிறாள் என்று மாசேர் நினைத்தார். இரக்கமே இல்லாத மனுஷி என்று அம்மா நினைத்தாள். இரண்டு பேரும் நல்லவர்கள், அதனால் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கிடையில் அக்காவின் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரோடு பெண்ணின் தகப்பன் பந்தியில் உட்கார வேண்டும். அவர்கள் பார்க்க ஊட்டிவிடவும் முடியாது, இலையில் இடது கையை வைக்கவும் முடியாது. "நீ உள்ளாறவே இருந்துக்கடா. உன் எடத்துல நான் குந்திக்கிறேன்" என்று தாத்தா தணிந்த குரலில் சொன்னார். பெற்ற பெண்ணின் விசேஷத்தில் தன்னை ஒளித்துவைக்கப் போகிறார்கள் என்பது அப்பாவை அரித்துத் தின்றது.

அடுத்து மாசேர் வந்தபோது அப்பாவே கேட்டார்.

"சோத்துக் கையாலதான் சாப்பிடணும் மாசேர். அதுக்கு எதுனா வழி இருந்தா சொல்லுங்க."

மாசேர் அந்தக் கையைத் தூக்கி, மடக்கி, நீட்டிப் பார்த்தார். மறுவாரம் ஒரு தோல்வாரைத் தைத்து எடுத்துவந்தார். அதை அப்பாவின் வலது உள்ளங்கையில் சுற்றி, ஸ்பூனைச் செருகி, மணிக்கட்டை அடியிலிருந்து இடது கையால் தூக்கப் பழக்கினார். இடது கை சோற்றைத் தொடவே வேண்டியதில்லை. அத்தைகூட அதற்கு ஒத்துக்கொண்டாள்.

நிச்சயதார்த்தத்தன்று அப்பா பந்தியில் உட்கார்ந்தார். பாதிச் சோறு வேட்டியில் சிந்தியது. மாப்பிள்ளையின் தகப்பனார் பெரிய மனசோடு தன் இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார். தாத்தா தூணோரம் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அம்மா பழக்கதோஷத்தில் சோற்றைப் பிசைந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, முதல் கவளத்தை உருட்டிவிட்டாள்.

"வேணாம், இனிமே நானே சாப்டுக்கிறேன்" என்றார் அப்பா, முகமெல்லாம் சிரிப்பாக.

தாத்தாவும் அன்று வெளியே போகவில்லை. மகன் சாப்பிடுவதைப் பார்க்க ஆசையாக வந்து உட்கார்ந்துவிட்டார். மாமனார் இருக்கும்போது மருமகள் புருஷனுக்கு எதிரே உட்காரும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அம்மாவுக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசக் கிடைத்தது அந்தச் சோற்று வேளைகளில்தான் என்பது, நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போன பிறகே எனக்கு உறைத்தது.

அம்மா எழுந்து அடுப்படிக்கு வந்தாள். கவளம் கையிலேயே இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றாள். பிறகு என் வாயில் வைத்தாள். நானோ அதிர்ஷ்டம் அடித்ததென்று, இன்னொரு வாய் கேட்டேன்.