வளையல்கடை விநாயகத்தின் எண்ணெய் வேளை

புட்டியை மூக்கருகே பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு விநாயகம் தீர்ப்புச் சொல்கிறார்: "நல்லெண்ண சுத்தம். கற்பூரம் ஜாஸ்தி. போன தைலத்துக்கு இது தேவல." புட்டியைப் பிடித்திருப்பவர் மனைவி சுமலதா. விநாயகம் தானே புட்டி பிடித்த காலம் போய் வருஷமாகிறது.

செஞ்சி பஜாரில் அவருக்கு வளையல் கடை. கையைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார். பெருவிரல் சதையை மடக்கி, முட்டிகளை நெருக்கி, எவ்வளவு இறுக்கமான கண்ணாடி வளையலையும் கீறல் படாமல் ஏற்றிவிடும் விரல்கள் அவை. வியாதி முதலில் வந்து உட்கார்ந்ததும் அங்கேதான். மோட்டார் நியூரான் நோய் என்று சென்னையில் பெயர் சொன்னார்கள். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துபோகுமாம். விநாயகத்தின் புத்தி மட்டும் பளிச்சென்று இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தீராத கோபம். அவருக்கு இல்லை. "குடோன் ஃபுல்லா சரக்கு இருக்குது, டெலிவரி பையன்தான் லீவு" என்கிறார்.

விஷயம் தெரிந்ததிலிருந்து வளையல் வாங்க வருகிறவர்களைவிட வைத்தியம் சொல்ல வருகிறவர்களே அதிகம். ஒருவர் வர்மம் என்றார், ஒருவர் ஊசி குத்தும் சீன வைத்தியம் என்றார், ஒருவர் தாயத்தோடு வந்தார். யாரையும் அவர் விரட்டுவதில்லை. ஆனால் கடைக்காரப் புத்தி எங்கே போகும்? ஒரு நேரத்தில் ஒரே வைத்தியம். "ரெண்டு கம்பெனி சரக்க ஒண்ணா தொங்கவுட்டா எது ஓடுது, எது தூங்குதுன்னு எப்பிடிப்பா தெரியும்?" சென்னை மாத்திரை மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே. அது எந்தக் காரணத்துக்காகவும் நிற்காது. உள்ளுக்குச் சாப்பிடும் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடவும் மாட்டார். மேல்சித்தாமூர் வாடிக்கைக்காரி அம்மாக்கண்ணு ஆசையாய் இடித்துக்கொண்டுவந்த சூரணத்துக்கு டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அம்மாக்கண்ணு கடைக்கு வரும் நாளில் மட்டும் அந்த டப்பா அலமாரியின் முன்வரிசைக்கு வந்துவிடும்.

வைத்தியம் சொல்ல வந்தவர் மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே முறை. மாத்திரையை நிறுத்து, ஒரு மண்டலத்தில் கையைத் தூக்கவைக்கிறேன், கேரண்டி என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். "நான் கண்ணாடி விக்கறவன். கண்ணாடிக்கு எவனாச்சும் கேரண்டி குடுப்பானா? கெளம்புய்யா." நாக்கு சற்றுக் குழறத் தொடங்கியிருக்கிறது. கிண்டல் குழறவில்லை.

சுமலதாவுக்கோ எல்லாவற்றிலும் நம்பிக்கை. புருஷன் தேறினால் ராஜகிரிக் கோட்டை மலை ஏறி கமலக்கண்ணி அம்மனுக்கு வளையல் சாத்துவதாக வேண்டுதல். "நான் நடந்து ஏறணும்னு வேண்டிக்கினியா, என்னத் தூக்கினு ஏறணும்னு வேண்டிக்கினியா? கிளியரா சொல்லிடு, அம்மனுக்குக் கொழப்பம் வரும்" என்பார் விநாயகம்.

வந்த வைத்தியங்களில் நிலைத்தது எண்ணெய்தான். வியாதியை நிறுத்தாது, விறைப்புக்குச் சுகமாக இருக்கும் என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். மதியம் பஜார் ஓயும் வேளையில் கடை ஷட்டர் பாதி இறங்கும். பக்கத்து நோட்டுக்கடைக்காரன் என்பதால் எனக்கு உள்ளே இடமுண்டு. சுமலதா வளையல்களைக் கழற்றிவிட்டுத்தான் தேய்க்க உட்காருவார். ஒருமுறை வளையல் உடைந்து விநாயகத்தின் தோளைக் கீறிவிட்டது. ஆனால் அந்த வெறுங்கையைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. "நான் குந்தினு இருக்கும்போதே இன்னாத்துக்குடி மொட்டக் கை?" என்று சத்தம் போட்டார். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. தேய்த்து முடித்ததும் வளையல்களை அவர்தான் போட்டுவிட வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, சுமலதா உட்பட. எண்ணெய்க் கையில் வளையல் வழுக்கிக்கொண்டு ஏறும் அல்லவா? "தைலம் எனக்கு வேல செய்யுதோ இல்லியோ, வளையலுக்கு நல்லா செய்யுது" என்று சிரிப்பார்.

இப்போது வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் சொன்னதைக் கேட்கின்றன. நேற்று அவையும் முரண்டு பிடித்தன. வளையல் சுமலதாவின் விரல் முட்டியில் போய் நின்றுவிட்டது. விநாயகம் தள்ளிப் பார்த்தார். நெற்றியில் வியர்வை வந்ததே தவிர வளையல் அசையவில்லை. ஷட்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். ஓரக்கண் சும்மா இருக்குமா? சுமலதா பெருவிரலை உள்ளே மடக்கி, கையைக் குறுக்கி, சத்தமில்லாமல் முன்னால் தள்ளினார். வளையல் ஏறிவிட்டது.

எத்தனை கை பார்த்தவர்! தானாக நுழைந்த கை எது என்று அவருக்கா தெரியாது?

"நானா போட்டேன்?" என்று கேட்டார்.

"பின்ன யாரு, நோட்டுக்கடக்காரரா?" என்றார் சுமலதா.

விநாயகம் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அடுத்த வளையலை விரலிடுக்கில் வைக்கச் சொன்னார். சுமலதா வைத்தார். இம்முறை அவர் தள்ளவில்லை. விழாமல் பிடித்துக்கொண்டு, அந்தக் கை வந்து நுழையட்டும் என்று அசையாமல் காத்திருந்தார்.