நாலு ஓட்டை ஆபரேஷனுக்கு யார் வருவார்கள்?

"கொஞ்சம் பெருசாக் கிழிச்சுப் பண்ண முடியாதா டாக்டர்?"

கேட்டது என் மனைவி தாமரைச்செல்வி. டாக்டர் பெர்சி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் கிழிக்காமல் பண்ண முடியாதா என்றுதான் அந்த அம்மாவிடம் கேட்டிருப்பார்கள். இப்படி ஒரு கேள்வியோடு யாரும் வந்திருக்க மாட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

"எதுக்கும்மா பெருசாக் கிழிக்கணும்? தொப்புள் பக்கத்துல ஒரு துளை, அதுக்கு மேல மூணு சின்னத் துளை. ஒண்ணுல கேமராவை விட்டுப் பாத்துக்கிட்டே பித்தப்பையை எடுத்துருவோம். மறுநாள் சாயங்காலம் நீங்க வீட்டுக்குப் போயிறலாம்."

"மறுநாளேவா?" என்றாள் இவள், குடி முழுகிப்போனது போல. வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நாலு ஓட்டையப் போட்டு மறுநாளே அனுப்பிவிட்டா எவன் வந்து பாப்பான்? நீங்களாச்சும் எடுத்துச் சொல்லியிருக்கலாம்ல."

தாமரைச்செல்வி சமயநல்லூரில் பால்வாடி டீச்சர். இருபத்திரண்டு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்து வளர்த்தவள். அவளிடம் அடி வாங்கிய பையன் இன்றைக்கு பைக்கில் போகும்போது அவளைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பான். நான் மின்வாரியத்தில் வயர்மேன். கம்பத்தில் ஏறி எத்தனையோ முறை ஷாக் வாங்கியிருக்கிறேன். இவள் வாயில் விழுவதற்கு அது எவ்வளவோ தேவலாம்.

இரண்டு வருஷமாக அவளுக்கு வலது விலா எலும்புக்குக் கீழே வலி வரும். கறி சாப்பிட்ட அன்றைக்கும் வடை சுட்ட அன்றைக்கும் தப்பாமல் வரும், முதுகு வரைக்கும் இழுத்துப் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் உடம்பில் எங்கே வலித்தாலும் வாய்வுதான். இவளும் வாய்வு என்று முடிவு கட்டி, பூண்டைச் சுட்டுத் தின்றாள், பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்தாள், பெட்டிக்கடையில் கோலி சோடாவாக வாங்கி உடைத்தாள். ஸ்கேன் எடுக்கலாம் என்று நான் சொன்ன போதெல்லாம் சண்டைதான். கடைசியில் ஒரு நாள் பால்வாடியிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேனில் பித்தப்பைக்குள் கல் கல்லாகத் தெரிந்தது. ஆபரேஷன் என்றார்கள். மாட்டவே மாட்டேன் என்று நான்கு மாதம் ஓட்டினாள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் தோசைக்கல் முன்னால் நின்றபடியே, "ஏங்க, ஆபரேசன் பண்ணிக்கிறேன். நாள் வாங்குங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்று சொன்னதும் எனக்குப் பயம் வந்தது.

காரணம் முத்திருளன். இவளுடைய ஒரே தம்பி. ஒத்தக்கடையில் புது வீடு கட்டி இருக்கிறான். நான்கு வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டுப் பால்காய்ப்புக்கு அவன் அக்காவுக்குப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். கூடப்பிறந்தவளுக்கு, வெற்றிலை பாக்கோடு பழத்தட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கொடுக்க வேண்டிய பத்திரிகை அது. வேலை நெருக்கடியில் செய்துவிட்டான் என்பது என் கணக்கு. "ஊரு பூராத்துக்கும் தட்டெடுத்துப் போக நேரம் இருந்துச்சு, எனக்கு மட்டும் போன்லயா?" என்பது இவள் கணக்கு. பால்காய்ப்புக்கு இவள் போகவில்லை. அக்கா வராத வீட்டில் பால் பொங்க வேண்டியிருந்ததே என்று அவனுக்குக் கோபம். அவனும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முதலில் பேசியது தான்தான் என்ற பெயரை இரண்டு பேருமே வாங்கிவிடக் கூடாது என்பதில் கெட்டியாக இருந்தார்கள்.

இதற்கிடையில் எங்கள் மகள் ரோகிணிக்கு நல்ல இடம் ஒன்று கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில் முடிக்கலாம், தேதி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தாய்மாமன் வந்து நிற்காமல் தேதி குறிக்க மாட்டேன் என்று இவள் உட்கார்ந்துவிட்டாள். அவனைப் போய் அழைக்கவும் மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பொறுமை கரைந்துகொண்டிருந்தது. ரோகிணி முகத்தை எங்களால் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் காதுகுத்து என்றால் முறையாக அழைத்தால்தான் போவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. பேச்சுவார்த்தை அறுந்தவர்கள்கூட ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டால் ஒரு ரொட்டியும் அரை டஜன் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் நிற்பார்கள். அப்படி வந்து நின்றால் தோற்றதாகக் கணக்கில்லை. இவள் வயிற்றில் இருந்த கல்லை வைத்துத் தம்பியை வரவழைக்கத் திட்டம் போட்டுவிட்டாள்.

பத்து நாள் படுக்கை, குளுக்கோஸ் பாட்டில், வயிற்றில் ஒரு முழம் தையல் என்று மனதுக்குள் அவள் கோட்டையே கட்டியிருந்தாள். டாக்டர் பெர்சி அதை நாலு ஓட்டையில் இடித்துவிட்டார்.

ஆனாலும் அவள் விடவில்லை. பிள்ளைகளை அழைக்க வந்த தாய்மார்கள் எல்லோரிடமும் ஆபரேஷனைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒத்தக்கடையில என் தம்பி காதுக்கு மட்டும் போயிறக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள். அதில் இரண்டு பேருக்கு ஒத்தக்கடையில் சொந்தம் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

"நானே ஒரு போன் போட்டு அவன்ட்ட சொல்லிரவா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லி வந்தான்னா அது வந்ததா? அவனா வரணும்."

புதன்கிழமை காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு, ஏதோ சடங்கு வீட்டுக்குப் போகிறவள் மாதிரி சிரித்தபடி ஸ்ட்ரெச்சரில் போனாள். கதவு மூடிய பிறகு நான்தான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவளுடைய அம்மா ஒரு ஆபரேஷனுக்கு உள்ளே போய்த் திரும்பி வராதவர். அதை இவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்கு மாதம் மறுத்ததற்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்து ஒரு சின்ன பாட்டிலில் எடுத்த கற்களைக் காட்டினார். மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று, மிளகு அளவில் பதினேழு. "எல்லாம் நல்லா முடிஞ்சது. மயக்கம் தெளிய நேரமாகும், பயப்படாதீங்க" என்றார். ரோகிணி என் தோளில் சாய்ந்து அழுதாள். மாப்பிள்ளைக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டே அழுதாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

சாயங்காலம் நன்றாகக் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "யாரு யாரு வந்தா?"

பெயர்களைச் சொன்னேன். அவள் எதிர்பார்த்த பெயர் இல்லை. ம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் தோள்பட்டை வலிக்கிறது என்றாள். வயிற்றில் துளை போட்டால் தோளில் ஏன் வலிக்கிறது என்று நர்ஸிடம் நான் எகிறினேன். ஆபரேஷன் செய்ய வசதியாக வயிற்றுக்குள் காற்று நிரப்புவார்களாம். அதில் மிச்சம் இருப்பது தோளில் வலியாகத் தெரியுமாம். எழுந்து நடந்தால் இரண்டு நாளில் போய்விடும் என்றார் அந்தப் பெண். நான் அசடு வழிந்தேன். டாக்டர் வந்து வீட்டுக்குப் போகலாம் என்றபோது இவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேனே டாக்டர்."

"எதுக்கும்மா? நல்லாத்தான இருக்கீங்க?"

"ஒரு ஆளு வர வேண்டியது இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டு டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட்டார். எண்ணெய்ப் பலகாரம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், குடம் தூக்கக் கூடாது, தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகு கூட்டம் அலைமோதியது. ஹார்லிக்ஸ் பாட்டில் பதினொன்று சேர்ந்தது. வந்தவர்கள் எல்லோரும் தையலைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அவள் நாலு பிளாஸ்திரியைக் காட்டியதும் ஒருத்தி, "இம்புட்டுத்தானா? எங்க மதினிக்கு நெஞ்சுலருந்து தொப்புள் வரைக்கும் கிழிச்சாக" என்று சொல்ல, இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் சுண்டி இழுக்கும். சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க, அதைப் பார்த்து இவள் இன்னும் சிரிக்க, நான் எல்லோரையும் ஏசி அனுப்ப வேண்டியதாயிற்று.

வாசலில் பைக் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள் முகம் திரும்பும். சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது, "அவன் வர மாட்டான்ங்க. எனக்குத் தம்பி இல்லைன்னு நெனச்சுக்கிட்டு தேதியக் குறிங்க" என்றாள். சொல்லும்போது அழவில்லை. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த நேரம் கையில் கிடைத்திருந்தால் அவனைக் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் சொன்னபடி தெருவில் நடந்தோம். தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். இவளா சும்மா நடப்பாள்? கீரைக்காரனை நிறுத்தி, அரைக்கீரை வாடிப்போய்விட்டது என்று இடுப்பில் கை வைத்து நியாயம் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாளைக்கு முன்னால் ஆபரேஷன் ஆனவள் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போதுதான் தெரு முனையில் பைக் ஒன்று நின்றது. முத்திருளன். ஹேண்டிலில் ஒரு பை தொங்கியது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அக்காவையே பார்த்தான். படுத்த படுக்கையாக இருப்பவளைப் பார்க்க வருவதுதான் முறை. நட்டநடுத் தெருவில் நின்று கீரைக்குப் பேரம் பேசுகிறவளை என்ன சாக்குச் சொல்லிப் பார்ப்பது? அவன் தலையைக் குனிந்துகொண்டான். பைக்கைத் திருப்பினான்.

இவளும் பார்த்துவிட்டாள். கையில் இருந்த கீரைக்கட்டு கீழே விழுந்தது.

"டேய் முத்திருளா."

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து. நான்கு வருஷ வீம்பு அந்த ஒரு கத்தில் போயிற்று. அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அது நடிப்பில்லை, நிஜமாகவே வலித்திருக்கிறது. அவன் பைக்கை ஸ்டாண்ட் கூடப் போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தான்.

"ஏன்க்கா இப்படிக் கத்துற? தையல் பிரிஞ்சிறப் போகுது."

"பிரிஞ்சா பிரியட்டும். வந்தவன் வீட்டுக்கு வராம எங்கடா போற?"

நான் அவன் தோளைத் தட்டி, "மாப்ள, முதல்ல வீட்டுக்கு வா" என்றேன். இரண்டு பேரும் இவளை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ரோகிணி மாமனைப் பார்த்ததும் அப்படியே வாசல்படியில் நின்றுவிட்டாள். அப்புறம் ஓடிப்போய் அடுப்பில் பால் வைத்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் இவள் ஆரம்பித்துவிட்டாள். "அக்காக்காரி ஆஸ்பத்திரியில கெடக்குறான்னு தெரிஞ்சும் ஒனக்கு நாலு நாளு ஆச்சோ?"

"நான் அன்னைக்கே வந்துட்டேன்க்கா."

"என்னைக்கு?"

"புதன்கிழமையே. விடியக்காலம் ஆறு மணிக்கு வந்து கீழ பார்மசி பக்கத்துல உக்காந்திருந்தேன். மேல வர்றதுக்குக் கால் வரல. ஆபரேசன் முடிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சதும், மாமா மருந்து வாங்க எறங்குன நேரமாப் பாத்து, அவரு கண்ணுல படாம ஏறி வந்தேன். ரோகிணி போன்ல குனிஞ்சிருந்தா. நர்சு யாருன்னு கேட்டாங்க. தம்பின்னு சொன்னேன், விட்டுட்டாங்க."

"எழுப்புறதுக்கு என்னடா?"

"எழுப்பினா பேசணும்ல. என்ன பேசுறதுன்னு தெரியல." அவன் தலையைத் தூக்கவே இல்லை. "அம்மாவும் இப்படித்தான உள்ள போச்சு. மூச்சு வருதான்னு மட்டும் பாத்தேன்க்கா. வந்துச்சு. போயிட்டேன்."

இவள் காலடியில் உட்கார்ந்திருந்த தம்பியின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தையல் இருக்கிறது என்று நான் சொல்லப்போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"உள்ள போகும்போது நானும் அம்மாவைத்தான்டா நெனச்சேன். வந்துட்டேன் பாரு" என்றாள்.

ரோகிணி காபியோடு வந்து நின்றாள். இவள் மடியிலிருந்து அவன் தலையை எடுக்காமலே என்னிடம் காலண்டரை எடுத்து வரச் சொன்னாள்.