இரண்டு பேர் மட்டும் உட்காரும் விமானம்

வசந்தா மேடம் இறந்த செய்தி வந்தபோது அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மேடத்தின் டிரைவர் போனில் பேசினார். அம்மா "ம்" என்றாள், மறுபடியும் "ம்" என்றாள். பிறகு என் முடியை விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். ஒரு பக்கம் பின்னலும் மறு பக்கம் விரித்த முடியுமாக உட்கார்ந்திருந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாதான், "தூக்கத்துலயே போய்ட்டாங்களாம், ஹார்ட்டு" என்றார்.

விமான ஷெட்டில் அம்மாவோடு வேலை செய்யும் நீங்கள் எல்லோரும் மேடத்துக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். அம்மாவைப் பேசச் சொன்னீர்கள், அவள் முடியாது என்றுவிட்டாள். அதனால் அவள் தூங்கிய பிறகு, அவளுக்குத் தெரியாமல் நான் இதை எழுதுகிறேன். வாட்ச்மேன் முனுசாமி அண்ணனிடம் கொடுப்பேன். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள். மேடத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னாலும் அவள் முகம் மாறிவிடும். எனக்கு அந்த முகத்தைக் கண்டால் பயம்.

ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் பாகம் செய்கிற முதலாளியாகத்தான் மேடத்தை ஊருக்குத் தெரியும். எனக்கு அவர் வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் நம் சின்ன ஓடுதளத்தில், சிவப்புக் கோடு போட்ட பழைய விமானத்தின் சொந்தக்காரர். அந்த விமானத்துக்கு மெக்கானிக் என் அம்மா. பெரிய ரிப்பேர் எது முடிந்தாலும், எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது; அம்மா அதில் ஏறி, விமானத்தை ஓட்டும் மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். "கையெழுத்து யார் வேணா போடலாம் தேவி. பக்கத்துல உக்காரு, அப்போ நம்பறேன்" என்பார் மேடம்.

லீவு நாளில் அம்மா என்னையும் ஷெட்டுக்குக் கூட்டிப் போவாள். அவர்கள் மேலே போனதும் நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "இன்னாத்துக்கு அழுவுற? ஒங்கம்மா மேல போய் ஒங்க வூட்டு மாடில துணி காயுதான்னு பாத்துகினு வரும்" என்று முனுசாமி அண்ணன் கேலி செய்வார். விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் முதலில் அழுதேன். பிறகு வேறு ஒன்றும் சேர்ந்துகொண்டது. அந்த விமானத்தில் இருப்பதே இரண்டு சீட். மூன்றாவதாக ஒருவர் அதில் ஏறவே முடியாது.

ஒரு மழை விட்ட காலையில் மேடம் இரண்டு விருந்தாளிகளோடு வந்தார். ஒவ்வொருவராக மேலே கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். அம்மா இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பார்த்தாள். அடியில் தண்ணீர் நின்றது; அது உள்ளே போனால் எஞ்சின் நடுவானில் நின்றுவிடும்.

"இன்னிக்கி வேணாம் மேடம்."

"தேவி, இவங்க பெங்களூர்லேந்து வந்திருக்காங்க."

"அதுக்கு நான் இன்னா பண்றது? ஃபுல்லா எறக்கிட்டுதான் பாக்கணும்."

"இதுக்கு ஓனர் நீயா நானா?"

"நீங்கதான். சாவி என்னாண்ட கீது."

மேடத்தின் முகம் சிவந்தது. பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார், அம்மாவும் சிரித்தாள். இரண்டு பேரும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தார்கள். விருந்தாளிகளை ஸ்ரீபெரும்புதூரில் டிபன் சாப்பிட அனுப்பிவிட்டு, மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கெட் பிடிக்க உட்கார்ந்தார்.

நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் அம்மா அப்படி யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அப்பா குழம்பில் உப்பில்லை என்றால் எழுந்து போய் உப்பு எடுத்து வருவாள். நான் மார்க் குறைவாக வாங்கினால் "சரி, அடுத்த வாட்டி பாரு" என்பாள். சண்டையும் சிரிப்பும் எல்லாம் மேடத்துக்கு. எங்களுக்கு வருவது களைத்துப்போன, கையில் கிரீஸ் வாசனை போகாத அம்மா.

மேடத்துக்கு இது தெரிந்திருந்தது. ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒனக்கு என் மேல கோவம், இல்ல?" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "எனக்கும் ஒன்மேல பொறாமைதான்டி. அஞ்சு மணி ஆச்சுன்னா ஸ்பேனரைப் போட்டுட்டு ஒன் பேரைச் சொல்லிண்டு ஓடறா. நீ கூப்ட்டா சோறு போடறா. நான் கூப்ட்டா பில்லு போடறா." எனக்கு அதிலும் கோபம்தான் வந்தது. பொறாமையைக்கூட அவர் எனக்கென்று விட்டுவைக்கவில்லை.

இப்போது மேடத்தின் மகன் விமானத்தை விற்கிறார். வாங்குபவர் கோயம்புத்தூர்க்காரர். அந்த மெக்கானிக் அம்மாவும் கூட வந்தால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டார். பழைய விமானத்தை அதைத் தெரிந்த ஆள் இல்லாமல் யாரும் வாங்குவதில்லையாம். அப்பா, "அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஓவர்டைம் பார்க்கப் போய்விட்டார். நான் சாப்பிடவில்லை. அம்மா போய்விடுவாள் என்றே நினைத்தேன். மேடம் கூப்பிட்டபோதெல்லாம் போனவள்தானே.

இன்று சாயங்காலம் துணி மடிக்கும்போது கேட்டேன். "போறியாம்மா?"

"போவல. காலையிலயே போன் பண்ணி சொல்ட்டேன்."

"எனக்காகவா?"

அவள் என் பாவாடையை மடித்து முடித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "மேடம் இல்லாம அதுல ஏறி நான் யார் பக்கத்துல ஒக்கார்றது?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்காவும்தான்" என்றாள்.

"ஒனக்காவும்" என்பதில் இருக்கும் அந்த "உம்"தான் மேடம் எனக்கு விட்டுப் போனது. அம்மா இங்கேயே இருப்பாள். அதற்கு முதல் காரணம் நான் இல்லை, இரண்டாவது நான். அதை வைத்துக்கொண்டு, அவள் ஒருநாள் என்னோடும் அப்படிச் சிரிப்பாள் என்று காத்திருக்கிறேன். மேடம் வேறு என்னென்ன சொன்னபோது அவள் அப்படிச் சிரித்தாள் என்று உங்களில் யாருக்காவது நினைவிருந்தால், எனக்கு மட்டும் சொல்லுங்கள்.