பெயருக்குக் கீழே ஒரு வரி

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் பட்டறையில் முதலாளியை 'ஷெஃப்' என்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவர் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, தன் கையால் காபி போட்டுக் கொடுத்து, "எதற்காக இங்கிருந்து போய்விட நினைப்பாய்?" என்று கேட்பார். முதல் தடவை, சீட்டைக் கிழிக்கிறார் என்று நினைத்து, "நான் எங்கேயும் போகமாட்டேன்" என்றேன். "அதை நான் கேட்கவில்லையே" என்றார் மனிதர். குளிர்காலத்தில் இருட்டில் வந்து இருட்டில் திரும்புவதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மறுவாரமே மதிய இடைவேளையை நீட்டிக் கொடுத்தார். இப்போது கொஞ்சம் வெயில் பார்க்கிறேன்.

கவரைப்பேட்டையில் என் அக்கா ஒரு சின்ன லேத் ஷெட் நடத்துகிறாள். தொழில் பழகியவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவன் டேவிட் மட்டும்தான். போன மாதம் போனில் அழுதாள்.

"அவனும் அப்ளை பண்ணிக்கிறானாம்டா. அவன் பூட்டான்னா ஷெட்ட இழுத்து மூட வேண்டியதுதான்."

"ஏன்னு கேட்டியா?"

"இன்னாத்த கேக்கறது? கூடப் பொறந்தவன் மாரி வெச்சினு இருந்தேன்."

அங்கேதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றியது. கூடப் பிறந்தவன் போகிறேன் என்றால் நாம் காரணம் கேட்பதில்லை, கோபித்துக்கொள்கிறோம். ஷெஃப் கதையைச் சொல்லி, டீ வாங்கி வைத்துக் கேட்டுப் பார் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். டேவிட் சம்பளப் பேச்சையே எடுக்கவில்லையாம்.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல இன்னா வேலைன்னு கேட்டாங்கக்கா. ஷெட்டுலன்னேன். ஒரு மாரி பாத்தாங்க. கம்பெனி பஸ் ஏறுறவன்லாம் பேரு போட்ட சட்ட போட்டுக்கினு போறான். நான் இன்னான்னு சொல்றது?"

"சட்டைக்கோசரமா போற?" என்று அக்கா கத்தினாளாம். மறுநாள் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போய் நீலச் சட்டைகள் தைக்கக் கொடுத்துவிட்டாள். சட்டைப் பையின்மேல் ஷெட்டின் பெயர், அதன்கீழ் 'டேவிட், மெஷின் இன்சார்ஜ்'. வெறும் சட்டையோடு நிற்கவில்லை. ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் இப்போது அவன்தான் பேசுகிறான். வேறு வேலைக்கு அழைப்பு வந்தும் போகவில்லை. "பாக்கலாம்க்கா" என்றானாம். அந்த 'பாக்கலாம்' எனக்குப் போதுமான சந்தோஷமாக இருந்தது.

எனக்கும் ஒரு சட்டை பார்சலில் வந்தது. என் பெயர் இருந்தது, கீழ்வரி காலி. போனில் கேட்டேன்.

"உனுக்கு இன்னா போடறதுன்னு தெரிலடா. நீயே சொல்லு."

எனக்கும் தெரியவில்லை. பட்டறை கொடுத்த கனத்த ஜாக்கெட்டுக்குள் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.