உறைக்குள் ஓடிய கம்ப்யூட்டர்கள்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபை ஏழு வருஷம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் ஃபாயிசா. பயந்த சுபாவம். கரஸ்பாண்டென்ட் ஸ்ரீநிவாசராகவனின் கார் ஹாரன் கேட்டாலே எழுந்து நிற்பாள். அவர் இன்னும் கேட்டுக்குள்கூட வந்திருக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை துணிந்தாள்.

2004-ல் பேப்பரில் ஒரு சேதி படித்தாள். வானத்திலிருந்து வரும் ரேடியோ இரைச்சலை ஒரு பெரிய ஆன்டெனா பதிவு செய்கிறதாம். அதைத் துண்டு போட்டு உலகமெங்கும் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட்டில் அனுப்புவார்கள். வேறு கிரகத்திலிருந்து யாராவது சிக்னல் அனுப்பியிருக்கிறார்களா என்று, சும்மா கிடக்கும் நேரத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதைச் சலித்துப் பார்க்கும். ஃபாயிசாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். யாரிடமும் மூச்சுவிடாமல் லேபிலுள்ள பன்னிரண்டிலும் அந்தப் புரோகிராமை ஏற்றிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை கிளம்பும்போது அட்டெண்டரிடம், "ஜெயசீலிக்கா, சிஸ்டம் எதையும் ஆஃப் பண்ணாதீங்க, திங்கட்கிழமை வரைக்கும் ஓடட்டும்" என்றாள். காரணம் சொல்லவில்லை. ஜெயசீலியும் ஆஃப் பண்ணவில்லை. ஆனால் பூட்டும் முன் தூசி படாமல் எல்லாவற்றுக்கும் ரெக்சின் உறை மாட்டுவது அவளுடைய தினப்படி வேலை. அன்றைக்கும் அடிவரை இழுத்து மாட்டிவிட்டுப் போனாள்.

ஞாயிறு மத்தியானம் சோறு வடிக்கும்போதுதான் ஃபாயிசாவுக்கு உறை ஞாபகம் வந்தது. வடித்த கஞ்சி காலில் கொட்டியது, சுட்டதுகூடத் தெரியவில்லை. ஆட்டோ பிடித்து ஓடி, தன்னிடமிருந்த சாவியால் லேபைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது, கருகிய நாற்றம் வேறு. ஐந்து கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. வேலை போச்சு என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மிச்சம் ஏழிலிருந்தும் அந்தப் புரோகிராமைத் தடம் தெரியாமல் அழித்து, ஆஃப் பண்ணினாள். பிறகு, பாவி மகள், உறைகளை இருந்தபடியே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கள் காலை சர்வீஸ்காரர், உறையோடு ஓடியதால்தான் சூடேறி எரிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, செத்த ஐந்தையும் தூக்கிக்கொண்டு போனார். ஸ்ரீநிவாசராகவன் லேப் நடுவில் நின்றார்.

"ஆஃப் பண்ணாம பூட்டினது யாரு?"

ஜெயசீலி ஃபாயிசாவைப் பார்த்தாள். ஃபாயிசா குனிந்து ஓர் உறையை மடிக்க ஆரம்பித்தாள்.

"நான்தான் சார் பூட்னேன்," என்றாள் ஜெயசீலி.

"அப்போ நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

ஜெயசீலியின் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அது ஃபாயிசாவுக்குத் தெரியும்.

"சார், நான்தான் ஓட விடச் சொன்னேன். வேற கிரகத்துல யாராவது இருக்காங்களான்னு தேடுற புரோகிராம்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "எங்கே, காட்டுங்க."

ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். காட்ட என்ன இருக்கிறது? அவளே துடைத்து வைத்ததுதானே. "அழிச்சிட்டேன் சார்."

"அட்டெண்டரைக் காப்பாத்தணும்னு நினைக்கிறது நல்ல மனசுதான். அதுக்காக இப்படியா கதை விடறது ஃபாயிசா?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஜெயசீலி சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள்.

"மெய்யாலுமே அதுக்குத்தான் ஓட வுட்டீங்களா மேடம்?"

ஃபாயிசா தலையாட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ஒற மாட்டிருக்க மாட்டேனே," என்றாள் ஜெயசீலி.