முழுக்கை வைத்த கவுன்

புதுச்சேரியில் என்னைப் புதிதாகப் பார்க்கிற பெண்கள் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரே கையைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கை மூளியா இருக்குது?" என்று துக்கம் விசாரிப்பார்கள். வளையல் இருக்கிறது, கைக்கடிகாரம்கூட இருக்கிறது. அவர்கள் தேடுவது பச்சை. முழங்கைக்குக் கீழே ஒரு தேரோ, தேளோ, கோலமோ குத்தியிருக்க வேண்டும். செத்தாலும் கூட வருகிற நகை அது ஒன்றுதானாம். சைகோனில் நம் தெருவில் யார் யாருடைய கையைப் பார்த்தார்கள்? துறைமுகத்தைப் பார்க்கவே நமக்கு நேரம் சரியாக இருந்தது.

"தாய்நாட்டுக்குத் திரும்புகிறாய், கொடுத்துவைத்தவள்" என்று சொல்லி நீங்கள் எல்லாரும் சைகோனில் என்னைக் கப்பலேற்றினீர்கள். நான் எங்கே திரும்பினேன்? சைகோனில் பிறந்தவள், இங்கே முதல் தடவையாக வந்தேன். தாய்நாடு என் வீட்டுக்காரருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்சன் வாங்கியவர், நெல்லித்தோப்பில் பிறந்த வீட்டுக்கே என்னைக் கூட்டிவந்துவிட்டார். வாசலில் 'கூத்தூரியேர்' என்று பலகை மாட்டினேன். தையற்காரி என்று அர்த்தம். அக்கம்பக்கத்தில் அதை என் சொந்த ஊர்ப் பேர் என்றே நினைத்திருந்தார்கள், நானும் திருத்தவில்லை. நாத்தனார் தனம் எனக்கு ஒத்தாசை. நான் டேப்பைப் பிடித்து அளவு சொல்லச் சொல்ல அவள் நோட்டில் எழுதுவாள். பிரெஞ்சுப் பேர்கள் அவளுக்கு வாயிலும் நுழையாது, பேனாவிலும் நுழையாது. அதனால் வாடிக்கைக்காரர்களுக்கு எண் கொடுத்திருந்தோம்.

பதினாலாம் எண் மதாம் க்ளேர். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க பிரான்சிலிருந்து வந்தவர். அக்கினி நட்சத்திரத்திலும் அவருக்கு முழுக்கை வைத்த கவுன்தான். வேர்க்குரு வரும், அரைக்கை வைக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "நோன், மெர்சி", வேண்டாம் நன்றி என்பார், அதோடு சரி. ஐம்பத்தேழில் ஒரு நாள் துணி பற்றாமல் போனதால் கையைத் துல்லியமாக அளக்க வேண்டியதாயிற்று. மதாம் கொஞ்சம் யோசித்து, இடது கைப் பொத்தானைக் கழற்றினார். உள்பக்கம் நீலமாக, வரிசையாக எண்கள். தனத்துக்கு வந்ததே சந்தோஷம். வெள்ளைக்காரிக்கும் பச்சை!

"பாவம் அண்ணி, கோலம் போடத் தெரியாதவகிட்ட கையக் குடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழம நம்ம குறத்தி வருவா. அதும் மேலயே அழகா ஒரு தேர் போட்டுடலாம்னு சொல்லு."

நான் அதைச் சிரித்துச் சிரித்துப் பிரெஞ்சில் சொன்னேன். தனத்தைக் குறை சொல்ல மாட்டேன், மொழிபெயர்த்த வாய் என்னுடையது. ஐரோப்பாவில் சண்டை நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வருஷங்களில் சைகோனில் நமக்கு ஜப்பான்காரன் கவலையே தலைக்கு மேலே இருந்தது, இந்த மாதிரி எண்களைப் பற்றி ஒன்றும் காதில் விழவில்லை. மதாம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இங்கே கேட்டுவிட்டுத்தான் குத்துவார்களா?" நானோ, "கேட்பதாவது! அரிசியும் வெற்றிலையும் கொடுத்து நாம்தான் கெஞ்ச வேண்டும்" என்று இன்னும் சிரித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த அளவு நாளில் அவர் வரவில்லை. கவுனுக்கு வேண்டிய பொத்தான்களைப் பொட்டலம் கட்டி ஆள்மூலம் அனுப்பியிருந்தார், அதோடு ஒரு பிரெஞ்சுப் புத்தகமும் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. மத்தியானம் சாப்பிட்ட கையோடு பிரித்தேன். யூதராகப் பிறந்த ஒரே குற்றத்துக்காகக் குடும்பத்தோடு ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்டு, தான் மட்டும் பிழைத்துவந்த ஒருத்தி தன் கதையை எழுதியிருந்தாள். ஒரு பக்கத்தில் அவள் வரிசையில் நிற்கிறாள், கையை நீட்டச் சொல்கிறார்கள், ஊசி இறங்குகிறது. இனி பேர் கிடையாது, இந்த எண்தான் நீ என்கிறார்கள். மெஷின்மேல் எங்கள் நோட்டு திறந்து கிடந்தது. தனத்தின் உருண்டை எழுத்தில், '14: கை 52'. அழுதேன், வேறென்ன செய்ய?

அந்த வாரம் முழுவதும் தனம் பொத்தானுக்குக் காஜா எடுக்க எடுக்க, பக்கம் பக்கமாக அவளுக்குத் தமிழில் சொன்னேன். தன் கையிலிருந்த தேரை முந்தானையால் மூடிக்கொண்டாள். கடைசியில் கேட்டாள்: "அப்பிடிக் கையில எழுதச் சொன்னவன் வூட்லயும் பொம்பளைங்க இருந்திருப்பாங்கதானே அண்ணி?"

மதாம் ஊருக்குக் கப்பலேற இன்னும் பத்தே நாள் என்று கேள்விப்பட்டோம். அதற்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் சாகும்வரை எனக்கு நிம்மதி கிடையாது. கவுனை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெறுங்கையோடா போவது என்று தனம் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு சீப்பு சாமந்தி — இல்லை, பழம்தான் சீப்பு, சாமந்தி ஒரு முழம் — எல்லாம் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறவர்களைப் போல வெள்ளைக்காரத் தெருவில் நடந்தோம். மதாம் கதவைத் திறந்ததும் நான் மனப்பாடம் செய்திருந்த பிரெஞ்செல்லாம் மறந்துபோயிற்று. "பார்தோன்" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது. தனம் தட்டை நீட்டிவிட்டு அழுதாள்.

மதாம் தட்டை வாங்கி மேசைமேல் வைத்தார். "உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பன்னிரண்டு வருஷமாக இதைப் பார்த்தவர்கள் எல்லாரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். இதை அழகாக்கலாம் என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். அவளிடம் சொல்லுங்கள்."

சொன்னேன். இந்தத் தடவை சிரிக்காமல், ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். உடனே கவுனின் கையை அரைக்கையாக வெட்டச் சொல்வார் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் கவுனைப் போட்டுப் பார்த்து, மணிக்கட்டில் அரை சென்டிமீட்டர் இறக்கச் சொன்னார். இறக்கிக் கொடுத்தேன்.

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் நோட்டில் யாருக்கும் எண் கிடையாது. அளவுக்கு மட்டும்தான் எண், ஆளுக்குப் பேர். ஒரு மதாமுக்கு நாலு பேர் இருந்தால் நாலையும் எழுத வேண்டும். தனம் என்னைத் திட்டிக்கொண்டேதான் எழுதுகிறாள், ஆனால் ஒன்றையும் விடுவதில்லை. போன பொங்கலுக்கு மறுநாள் குறத்தி வந்தபோது நானே கூப்பிட்டேன். அவள் உட்கார்ந்து, ஊசியைத் துடைத்து, "இன்னா போடட்டும் தாயி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று தேற்றினாள். வலது கையில் ஒரு சின்னக் கோலம் போடச் சொன்னேன். முடித்துவிட்டு இடது கையையும் கேட்டாள். மதாமுக்கு எண் இருந்த கை அது, கொடுக்கவில்லை.

இப்போது வலது கையைப் பார்த்து, நம்ம ஊர்ப் பொண்ணாகிவிட்டாய் என்கிறார்கள். இடது கையைக் காட்டி, அது ஏன் மூளியாக இருக்கிறது என்று கேட்டால், அது இன்னும் சைகோனில் இருக்கிறது என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். அது பாதி உண்மை. மீதி உண்மையைச் சொல்ல ஒரு புத்தகம் முழுவதும் சொல்ல வேண்டும், கேட்க உட்காருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். என்னுடையது கையால் சுற்றுகிற மெஷின். கோலம் போட்ட கை சக்கரத்தைச் சுற்றுகிறது, மூளிக்கை துணியைப் பிடித்துக்கொள்கிறது.